ஒருமனதாக நிறைவேறிய தீர்மானங்களும் உண்மையைச் சொன்ன கடன் பேரேடும்

ஒரு மகளிர் குழுவின் வரலாற்றை எழுத வேண்டும் என்று போய் நின்றால், யாராக இருந்தாலும் முதலில் தீர்மானப் புத்தகத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை முதலில் படிக்காதீர்கள். அதில் எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாகவே நிறைவேறியிருக்கும். யாரும் யாரோடும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள், யாரும் பாதியில் எழுந்து போயிருக்க மாட்டார்கள். கடன் பேரேட்டைக் கேளுங்கள். 'அது எதற்கு, வெறும் கணக்குத்தானே' என்பார்கள். அந்த வெறும் கணக்குதான் வேண்டும்.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில், எங்கள் ஊராட்சியின் மகளிர் குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்புக்கு நான் கணக்கு எழுதுகிறேன். என் அம்மா முதல் தலைமுறைக் குழு உறுப்பினர். கூட்டமைப்பில் உள்ள குழுக்களின் கதையைச் சிறு புத்தகமாகப் போடலாம் என்று மூத்தவர்கள் ஆசைப்பட்டபோது, தபால் வழியில் வரலாறு படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக வேலை என் தலையில் விழுந்தது. தன் ஊரில் இப்படி ஒன்றைச் செய்ய நினைப்பவருக்கு நான் கற்றதில் கொஞ்சம் உதவலாம்.

முதலில் எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. எல்லோரும் 1989 என்று சொல்வார்கள். அதில் தவறில்லை. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கிய திட்டம் அந்த ஆண்டு முதலில் காலடி வைத்தது தருமபுரி மாவட்டத்தில்தான். இன்று தமிழ்நாடு முழுவதும் பேசப்படும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு நாங்கள்தான் முன்னோடி என்று எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். 1991-92இல் சேலம், தென்னார்க்காடு, அடுத்த ஆண்டு மதுரை, இராமநாதபுரம் என்று விரிந்து, 1997-98இல் மாநில அரசின் பணத்தில் மகளிர் திட்டமாக மாறியது. மழை பொய்க்கும் மாவட்டம், பெண் கல்வியில் கடைசி வரிசை, பெண் சிசுக்கொலைக்காகப் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர். முதலில் எங்களைத் தேர்ந்தெடுத்ததன் பின்னணி இதுதான். பெருமைப்படும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் எழுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் அதற்கு முந்தைய ஒன்று வெளியே வரும். மாதர் சங்கம். 1952இல் வந்த சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் வழியாக ஊருக்கு ஊர் முளைத்தவை அவை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஊர்நல அலுவலர் வருவார், பெண்கள் நலப் பணியைக் கவனிக்கும் முக்கிய சேவிகா வருவார், தையல் சொல்லித் தருவார்கள், சத்துமாவு கிண்டிக் காட்டுவார்கள். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தையல் இயந்திரம் ஊரில் பெரிய வீட்டுத் திண்ணையில் இருந்தது. அந்த வீட்டு அம்மாதான் தலைவி. காலனியிலிருந்து யாராவது தைக்கப் போனார்களா என்று கேட்டேன். பாட்டி பதில் சொல்லவில்லை, சிரித்தார். சங்கம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. நின்றதே யாருக்கும் தெரியாமல் நிற்க முடிந்தது என்றால், உறுப்பினர்களின் காசு ஒன்றுகூட அதில் இல்லை என்று பொருள். 1982-83இல் வந்த ஊரகப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் குழுக்களும் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய இதே கதிதான். பணம் மேலிருந்து வந்தது, தீர்ந்தது, குழுவும் தீர்ந்தது.

1989க்குப் பிறகு வந்தவை ஏன் நிலைத்தன என்பதற்குப் பேரேட்டின் முதல் பக்கமே பதில் சொல்கிறது. எங்கள் பகுதியின் மிகப் பழைய பேரேடு நீள நோட்டு. ஓரங்களைக் கரையான் தின்றிருக்கிறது. தலைப்புக்கோடு அடிமட்டம் வைத்துப் போட்டது. பெயர், தேதி, தொகை, நோக்கம், திருப்பியது, பாக்கி. கூட்டல் எல்லாம் பென்சிலில், அதன்மேல் பேனா. எழுதியவருக்குத் தன் கூட்டல் மேலேயே சந்தேகம், பாவம். மாதச் சேமிப்பு ஆளுக்குப் பத்து ரூபாய். முதல் கடன் நூற்றைம்பது ரூபாய், நோக்கம் என்ற இடத்தில் 'பிள்ளைக்கு ஜுரம்'. அடுத்தது 'ரேஷன் அரிசி வாங்க'. அதற்கடுத்து 'மூக்குத்தி மீட்க'. பிறகு 'தம்பி பெங்களூர் போக பஸ்ஸுக்கு'. இன்னொரு இடத்தில், 'வீட்டுக்காரர் வாங்கிய பத்து வட்டி அடைக்க'. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஊதா மையில் கட்டைவிரல் ரேகை.

பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். குழுவில் இரண்டு வட்டி. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் இருபத்து நாலு சதவீதம், அதுவும் குறைவில்லைதான். ஆனால் அந்த இரண்டு ரூபாய் வெளியே போகவில்லை, அவர்கள் பெட்டிக்கே திரும்பி வந்தது. பேரேட்டில் சில ஆண்டுகள் தள்ளிப் புரட்டினால் நூற்றைம்பது, ஐந்நூறாகி, இரண்டாயிரமாகிப் போவதைப் பார்க்கலாம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். வங்கி இணைப்புக் கடன், அதாவது குழுவுக்கு வங்கி தரும் கடன், வந்த பிறகு அதே பேரேட்டின் நோக்கம் என்ற பத்தி மாறிவிடுகிறது. 1992இல் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு ஐந்நூறு குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. பதிவு செய்யாத குழுவும் தன் பெயரில் சேமிப்புக் கணக்கு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 1993இல் சொன்னது. 1999இல் ஊரகச் சுயதொழிலுக்கான மத்திய அரசின் சுவர்ண ஜெயந்தி திட்டம் மானியத்தோடு வந்தது. எல்லாம் நல்லதுக்குத்தான். ஆனால் அங்கிருந்து எங்கள் பேரேடுகளில் ஒரே கறவை மாட்டு மந்தை. இவர் மாடு, அவர் மாடு, அதற்கடுத்தவரும் மாடு. அத்தனை மாடும் உண்மையில் இருந்திருந்தால் எங்கள் ஊரில் நடக்க வழியிருந்திருக்காது. ஒரு அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "மாடு என்று எழுதினால் மேனேஜர் கையெழுத்துப் போடுவார். மூத்தவள் பிரசவம் என்று எழுதினால் போடுவாரா?" என்றார். ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று காதில் வில்லை அடித்த ஒரே மாடு சில வீட்டுத் தொழுவங்களுக்கு நடந்தே போய் வந்த கதையையும் சொன்னார். மாட்டுக்கு நல்ல குணம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

சொந்தக் காசைக் கடன் கொடுத்தபோது காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அந்த வீட்டு ஜுரமும் தெரியும், மூக்குத்தியும் தெரியும். வெளியார் பணம் வந்ததும் வெளியாருக்குப் பிடித்த காரணம் எழுதப்பட்டது. ஆகவே வரலாறு எழுதுகிறவர், குழுவின் சொந்தக் காசில் கொடுத்த உள்கடனையும் வங்கிக் கடனையும் பிரித்துப் படிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி 'நாற்பது சதவீதக் கடன் கால்நடைக்கு' என்று அட்டவணை போட்டால் அது மாட்டுக் கதையாகத்தான் இருக்கும். திட்ட மதிப்பீட்டு அறிக்கைகளில் இப்படிப்பட்ட அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நடந்து போன மாடு நினைவுக்கு வருகிறது.

தேதி பிடிப்பது அடுத்த தொல்லை. பழைய நோட்டுகளில் நாள், மாதம் இருக்கும், ஆண்டு இருக்காது. ரப்பர் ஸ்டாம்பைப் பாருங்கள். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9இல்தான் தனி மாவட்டமானது. காவேரிப்பட்டினம், ஊத்தங்கரைப் பக்கத்து நோட்டில் 'தர்மபுரி மாவட்டம்' என்று முத்திரை இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் புது ஸ்டாம்பு செய்யக் காசு செலவழிக்க மனமில்லாமல் பழையதையே குத்திக்கொண்டிருந்த குழுக்களும் உண்டு. அப்போது வங்கி வவுச்சரோடு ஒப்பிட வேண்டும்.

பேசும்போது 'குழு எந்த ஆண்டு தொடங்கியது' என்று கேட்டால் ஆளுக்கொரு ஆண்டு வரும். மலிவு விலை மதுக்கடை மூடியதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள், அது 1991. கல்லூரி மாணவிகள் மூவர் இலக்கியம்பட்டியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்டதற்கு முன்னா; அது 2000 பிப்ரவரி. வீரப்பன் பாப்பாரப்பட்டி பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டது 2004 அக்டோபர். எங்கள் மாவட்டத்தில் இவற்றை மறந்தவர் யாரும் இல்லை. பிள்ளைகளின் வயதை வைத்துக் கணக்கிடுவதும் உதவும், ஆனால் பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறோம், சேர்க்கைக்கு வசதியாக.

பேட்டி என்று சொல்லி நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எல்லோரும் விருது வாங்கும் மேடையில் பேசுவதுபோலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். 'குழுவால் தன்னம்பிக்கை வந்தது, நாலு பேர் முன்னால் பேசக் கற்றோம்.' இது பொய்யில்லை. ஆனால் பயிற்சிகளில் பல முறை சொல்லி வழவழப்பாகிப்போன வாக்கியம். எனக்குக் கைகொடுத்தது புளி. மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள், கொட்டை எடுப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கூட உட்கார்ந்து கொட்டை எடுத்தால் அவர்கள் கண் என் மேல் இருக்காது, கை ஓடும், பேச்சும் ஓடும். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'உங்கள் முதல் கடன் எதற்கு?' அது ஒன்றே போதும், ஒரு வாழ்க்கை வெளியே வரும். அப்புறம் தனியாக ஒரு முறை, கூட்டமாக ஒரு முறை கேட்க வேண்டும். தனியாகச் சொன்னதைக் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் தேதியை இன்னொருவர் திருத்துவார். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் நோட்டை மூடிவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடலாம். செல்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், 'நிறுத்து கண்ணு' என்றால் நிறுத்த வேண்டும்.

தீர்மானப் புத்தகத்தை மட்டமாகப் பேசிவிட்டேன். அதற்கும் ஒரு பயன் உண்டு. திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள். எங்கள் குழு ஒன்றில் குடிநீர் கேட்டு மனு என்ற தீர்மானம் ஏறக்குறைய ஆண்டுதோறும் இருக்கிறது. சில ஆண்டுகள் வார்த்தைகூட மாறவில்லை, முந்தைய பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு, பிள்ளைகளுக்குப் பல் பழுப்பு, பெரியவர்களுக்கு மூட்டு வலி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் திறந்தார்கள். கல்வெட்டில் பெண்கள் பெயர் இருக்காது. அத்தனை ஆண்டு மனு எழுதியதற்கு இருக்கும் சாட்சி அந்தச் சலிப்பான தீர்மானங்கள்தாம்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வந்தபோது, குழுவில் கணக்கு எழுதிய சிலர் வார்டு உறுப்பினராக நின்றதும் இதே புத்தகத்தில் தெரிகிறது. தேர்தல் மாதத்தில் கூட்டத்துக்கு வந்தவர் எண்ணிக்கை பாதியாகிவிடும். காரணம் எழுதப்படாது, கேட்டால்தான் தெரியும்: ஒரே குழுவில் இரண்டு வேட்பாளர்.

சேமிப்புக் குழுக்களை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் மாவட்டப் பெண்கள் கூடிய வரலாற்றை எழுதிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுவதாக நுழைந்து ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களோடு நின்றவை மலைவாழ் மக்கள் சங்கமும் ஜனநாயக மாதர் சங்கமும். 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தொன்பது ஆண்டு அந்தப் பெண்கள் சொன்னதை மாற்றவில்லை. அதே 1992ஆம் ஆண்டு எங்கள் குழுக்களின் நோட்டுகளைத் தேடிப் பார்த்தேன், வாச்சாத்தி என்ற சொல்லே இல்லை. பயமா, அரசுத் திட்டத்தில் இருந்துகொண்டு பேசக் கூடாது என்ற எண்ணமா, வேறு சாதி வேறு ஊர் என்பதா. கேட்டவர்களிடம் மூன்று பதிலும் வந்தது. மூன்றையும் எழுதினேன்.

பிறகு வந்த காலத்துக்கு நோட்டே இல்லை. தனியார் நுண்கடன் நிறுவனங்கள் ஐந்து, பத்துப் பெண்களைக் கூட்டுப் பொறுப்புக் குழு என்று சேர்த்து வாரத் தவணைக்குக் கடன் கொடுக்கத் தொடங்கின. அதையும் ஊரில் 'குழு' என்றே சொல்வதால், பேட்டியில் எது எது என்று பிரித்துக் கேட்காவிட்டால் குழம்பிவிடும். சேமிப்பு இல்லை, உள்கடன் இல்லை, தீர்மானம் இல்லை. பெண்ணின் கையில் இருப்பது தவணை அட்டை மட்டும். கணக்கு முழுவதும் நிறுவனத்தின் கணினியில். ஒரே வீட்டில் பல நிறுவனங்களின் அட்டைகளைப் பார்த்திருக்கிறேன், ஒன்றை அடைக்க இன்னொன்று. கொரோனாவுக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம்.

இங்கே வரலாற்றை விட்டு நடைமுறைக்கு வருகிறேன். இந்த அட்டைகளைப் பற்றிக் கேட்டுவிட்டு வெறும் கையோடு எழுந்து வர எனக்கு மனம் வரவில்லை. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் விவரத்தை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தாளில் தர வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. 2025இல் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். பேட்டியைவிட அந்தத் தாளுக்குத்தான் கேட்பார் அதிகம்.

புத்தகம் முடியும் தறுவாயில் பெரிய தகராறு வந்தது. ஒரு குழுவை முன்னின்று நடத்திய ஊக்குநர் வங்கியில் கட்ட வேண்டிய தவணையைச் சில மாதங்கள் கட்டாமல் வைத்துக்கொண்டது பேரேட்டில் அப்பட்டமாகத் தெரிகிறது. அவர் இப்போது இல்லை, மகளும் மருமகனும் அதே தெருவில் இருக்கிறார்கள். எழுதவே வேண்டாம் என்றனர் சிலர். பெயரோடு எழுது என்றார் பாக்கியைத் தன் கம்மலை வைத்து அடைத்த பெரியம்மா. நெடு நேரம் பேசி, தொகையும் நடந்த விதமும் இருக்கட்டும், பெயரும் குழுவின் பெயரும் வேண்டாம் என்று முடிவானது. அதோடு எனக்கு வேண்டியதும் அங்கேயே கிடைத்தது: அந்தக் குழு உடையாமல் இருந்ததற்குக் காரணம், அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் வங்கி பாஸ்புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க வைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தாம் அதை வற்புறுத்தியிருக்கிறார்கள். தணிக்கையாளர் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது.

பேரேட்டுப் பக்கங்களைப் படம் எடுத்தால் பெயர்ப் பத்தியைத் தாள் வைத்து மறைத்து எடுங்கள். யார் எவ்வளவு கடன் பட்டிருந்தார்கள் என்பது புத்தகத்தில் வந்தால் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். மூல நோட்டுகளை வாங்கிப் போகாதீர்கள், அங்கேயே படியெடுத்துத் திருப்பிக் கொடுங்கள்.

இப்போது எங்கள் குழுக் கணக்குகள் செல்பேசிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கூட்டல் தவறு வராது, அது பெரிய நிம்மதி. ஆனால் நாங்கள் பயன்படுத்தும் முறையில் கடனின் நோக்கத்தை வேளாண்மை, கால்நடை, கல்வி, மருத்துவம் என்று வகையாகத்தான் குறிக்க முடிகிறது. மூக்குத்திக்கு அதில் இடமில்லை. உள்கடனுக்கு மட்டும் கை நோட்டும் தொடர வேண்டும், நோக்கத்தை உறுப்பினர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும் என்று கூட்டமைப்பில் கேட்டேன். சில குழுக்கள் சம்மதித்தன. மற்றவற்றின் கணக்காளர்கள் ஒரே வேலையை இரண்டு முறை செய்யச் சொல்கிறாய் என்று கோபப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் மதிப்பூதியத்தைப் பார்த்தால் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நோட்டு எழுதுபவருக்குக் குழு வட்டி வருமானத்திலிருந்து தனியாக ஒரு தொகை ஒதுக்கலாமா என்று வைக்கப் போகிறேன்.